அண்ணன் கதவைத் தட்டும் காட்சி

நான் புதுச்சேரி கதிர்காமத்தில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். திரைக்கதை எழுதியிருக்கிறேன் என்று அங்கே யாரிடமும் சொன்னதில்லை. அதைச் சரிசெய்ய ஓர் ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்தினேன் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாள் பதில் இல்லாமல் இருந்தேன்.

எங்கள் வீடு மீனவர்கள் வாழும் வைத்திக்குப்பத்திலிருந்து நாலு தெரு உள்ளே இருக்கிறது. அம்மாவும் நானும் மட்டும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, காலமாகி வெகு நாள் ஆகிறது. எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். நான் ஐந்தாவது படிக்கும்போது, அவன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலையில் அப்பாவுக்கும் அவனுக்கும் பரீட்சையில் தவறியதைப் பற்றிச் சண்டை. அப்பா வேலைக்குப் போனார், நான் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அண்ணன் வீட்டில் இல்லை. அதன் பிறகு வரவே இல்லை.

அப்பா எங்கெங்கோ தேடினார். விழுப்புரம் ஜங்ஷனில் போய்ப் படுத்துக் கிடந்தார், பம்பாயில் இருந்த உறவுக்காரர்களுக்குச் சொல்லி வைத்தார், சிவப்புத் தொப்பி போலீஸ்காரர்கள் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார்கள். ஒன்றும் தெரியவில்லை. மாதா கோயில் சாமியார் ஒரு தடவை, "அவன் ஆத்மாவுக்காக ஒரு பூசை வெச்சிடலாமே" என்று சொன்னதற்கு அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். "உயிரோட இருக்கறவனுக்கு யாராவது பூசை வெப்பாங்களா?" என்று பிறகு என்னிடம் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

புதுச்சேரியில் சினிமாக்காரர்கள் வராத தெரு இல்லை. எங்கள் தெருவிலும் ஒரு தடவை படம் பிடித்தார்கள். எங்கள் முன்னறையில்தான் மானிட்டரை வைத்திருந்தார்கள். இணை இயக்குநராக வேலை பார்த்த பெண் ஒருத்தி என்னிடம் நன்றாகப் பழகினாள். ஒரு தைரியத்தில் என் திரைக்கதையை அவள் கைப்பேசிக்கு அனுப்பினேன். ஊருக்குப் போன பிறகு கூப்பிட்டாள்.

"கதை இருக்கு அக்கா. திரைக்கதை இல்ல. உங்க ஊர்லயே ஒருத்தர் இருக்காரு. நிறைய படத்துக்கு வேலை பாத்தவரு. டைட்டில்ல பேரு வராது. அவர வெச்சு சரி பண்ணுங்க."

அப்படித்தான் அவரைப் பார்க்கப் போனேன். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. கீழே மீன் வாடையும் மல்லிகை வாடையும் கலந்து வந்துகொண்டிருந்தது. ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த மனிதர். திருநெல்வேலிப் பக்கம். சென்னையின் இரைச்சல் ஒத்துக்கொள்ளவில்லை என்று இங்கே வந்து தங்கியவர். வயதுக்குப் பொருந்தாத இளைய குரல் அவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கல்லூரிப் பையன் பேசுவது போல இருக்கும்.

நான் எழுதியிருந்தது இதுதான். ஒரு பையன் ஒரு மத்தியானம் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுகிறான். மீதிப் படம் முழுக்கத் தங்கை அவனைத் தேடுகிறாள்.

அவர் அதை முன்பே படித்திருந்தார். மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. முதல் கேள்வியே இதுதான்.

"மேடம், இந்த அம்மா ஏன் ஒரு இடத்துலகூடத் தேட மாட்டேங்காங்க?"

"அவங்க அப்படித்தான் சார். அமைதியானவங்க."

"அப்பா தேடுதாரு. தங்கச்சி தேடுதா. தெருக்காரங்ககூடத் தேடுதாங்க. பெத்தவ மட்டும் அடுப்புக்கிட்டயே நிக்கா. எழுதுனவங்க எதை விட்டிருக்காங்களோ, அதைத்தான் நான் மொதல்ல பாப்பேன். இது நடந்த கதையா?"

சம்பளம் எவ்வளவு ஆகும் என்று பேச்சை மாற்றினேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சம்பளம் பேசி, ஒரு மாதத்தில் புதிய வடிவம் தருவதாகச் சொன்னார்.

அது வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ரத்தக் குழாய்கள் அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். படத்தின் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு புதிய காட்சி இருந்தது. பையன் வீட்டை விட்டுப் போகிறான். ஆனால் பஸ் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வருகிறான். வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது. தட்டுகிறான். அம்மா உள்ளே இருந்துகொண்டே பதில் சொல்கிறாள். திறக்கவில்லை. நாலே நாலு வரி வசனம். அப்புறம் அவன் போய்விடுகிறான்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். "இப்படி நடக்கவே இல்லை சார்."

"நடந்துச்சுன்னு நான் சொல்லலயே மேடம். ஒருத்தன் போறது காட்சி இல்ல. போனவன் ஒருதடவ திரும்பி வந்தாத்தான் காட்சி."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது, தினமும் திறக்கிற அந்தக் கதவைத் தொடக் கை கூசியது.

வசனத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும் என்றார். "உங்க ஊர்ப் பேச்சு என் வாய்ல வராது. நான் வாசிக்கேன், நீங்க திருத்துங்க." அம்மாவைத் தனியே விட்டுவிட்டு நான் எங்கும் போக முடியாது. அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெளிச்சம், நிழல், அவ்வளவுதான் தெரியும். அதனால் எங்கள் வீட்டுக்கே வரச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். எங்கள் ஊர் மத்தியானம் வெளியூர்க்காரர்களுக்கு விசித்திரமாக இருக்கும். கடைகள் மூடிவிடும், தெருவில் நாய்கூட நடக்காது, வெயில் மட்டும் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருக்கும். அனல் வரக் கூடாது என்று வாசல் கதவைத் தாழிட்டிருந்தேன். அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். அவர் வந்ததை அவளிடம் சொல்லவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன். முன்னறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு பிரதி. பையன் வசனத்தை அவர் படிப்பது, அம்மா வசனத்தை நான் படிப்பது என்று ஏற்பாடு.

அவர் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார். படித்தார்.

"அம்மா. கதவத் தொற."

அடுத்த வரி என்னுடையது. வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தொறக்க மாட்டேன். அப்பா வந்த அப்புறம் வா."

தூக்கத்தில் பேசுகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தேன். என் விரலுக்குக் கீழே அதே வரி இருந்தது. தொறக்க மாட்டேன். அப்பா வந்த அப்புறம் வா. அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சைகை காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. அவர் அடுத்த வரியை, குரலைத் தாழ்த்திப் படித்தார்.

"பசிக்குதும்மா."

"பசிச்சாத்தான் புத்தி வரும். போ."

அதுவும் தாளில் இருந்தது. 'போ' என்பது மட்டும் இல்லை.

அதோடு அந்தக் காட்சி முடிகிறது. 'பையன் படியிறங்கிப் போகிறான்' என்று எழுதியிருந்தது. உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு சுவரைத் தடவிக்கொண்டு வருகிற சத்தம்.

"டேய், இரு. இருடா. தொறக்கறேன்."

அம்மா எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போனாள். நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை. நேராக வாசலுக்குப் போய், தாழ்ப்பாளைத் தடவிப் பிடித்து இழுத்தாள். இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். மத்தியான வெளிச்சம் அப்படியே உள்ளே கொட்டியது. தெருவில் யாரும் இல்லை. அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே நின்றாள்.

"போயிட்டான்" என்றாள்.

அவளை உள்ளே கூட்டிப் போய்க் கட்டிலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நன்றாக விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"யாருகிட்டமா பேசின?"

"அவன்கிட்டதான்."

"அது அண்ணன் இல்லமா. சினிமாவுக்கு எழுதறவரு ஒருத்தரு. படிச்சிப் பாத்துக்கிட்டிருந்தோம்."

"சரி" என்றாள். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, அவளாகவே சொன்னாள். அண்ணன் காணாமல் போன அன்றைக்கு, மத்தியானம் அவன் திரும்பி வந்தானாம். கதவைத் தட்டினானாம். அப்பா வந்து சமாதானம் ஆன பிறகு சேர்த்துச் சோறு போடலாம், கொஞ்சம் வெளியே நிற்கட்டும், அப்போதுதான் பயம் வரும் என்று நினைத்துக் கதவைத் திறக்காமல் இருந்துவிட்டாளாம். "இங்கதானே தெருவுல நிப்பான்னு நெனச்சேன்" என்றாள். "உங்கப்பாகிட்டயும் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்றது?"

நான் முன்னறைக்கு வந்தபோது அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அம்மாவுக்குக் கேட்காதபடி கிசுகிசுத்தார்.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். கோவத்துல இருக்கற எந்த அம்மாவும் அப்படித்தான் சொல்லுவா. அதனாலதான் அதை எழுதுனேன்."

"அதே வார்த்தை சார்."

"சாதாரண வார்த்தைதானே." எனக்குச் சொல்வதைவிடத் தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். திரைக்கதையின் தாள்களை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

இத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த வழியில் ஆட்டோவில் வைத்துக் கேட்டாள்.

"அந்த சினிமாக்காரர இன்னொருவாட்டி வரச் சொல்லு."

"எதுக்குமா?"

"அவன்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு."

"அவரு வேறம்மா. அவரு அண்ணன் இல்ல."

"எனக்குத் தெரியாதா? வரச் சொல்லுன்னு சொன்னா சொல்லேன்."

அவள் புத்தி தடுமாறிப் போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காய்கறிக்காரன் எடை குறைத்தால் கையால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். மாத்திரை நேரம் எனக்கு மறந்தாலும் அவளுக்கு மறக்காது. தெளிவாக இருந்துகொண்டுதான் இதைக் கேட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவரிடம் போன் செய்து சொன்னபோது உடனே மறுத்தார். "நான் எழுதுதவன் மேடம். நடிக்கறவன் இல்ல. இதெல்லாம் பாவம்." இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "அந்த அம்மா என்ன கேப்பாங்கன்னு யோசிச்சிக்கிட்டே இருக்கேன். தூக்கம் வரல. வருதேன்."

மறுபடியும் ஒரு சனிக்கிழமை. அதே மத்தியானம். இந்தத் தடவை அம்மா படுக்கவில்லை. குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, உள்ளறைத் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். திரைக்குக் கீழே அவள் பாதம் தெரிந்தது. அவர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். தாளை எடுத்தார். மேசையைத் தட்டினார்.

"அம்மா. கதவத் தொற."

உள்ளேயிருந்து பதில் இல்லை. இரண்டாவது தடவை தட்டினார். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"பசிக்குதும்மா."

அப்போது அம்மா கேட்டாள். ரொம்ப மெதுவாக, எதிரில் இருக்கிறவனிடம் கேட்பது போல.

"இன்னும் பசிக்குதாடா?"

தாளில் அந்தக் கேள்வி இல்லை. ஏதாவது சொல்லுங்கள் என்று நான் கையைக் காட்டினேன். இல்லை என்று சொன்னால் போதும், அவள் சமாதானம் ஆகிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவர் தாளை மேசையில் வைத்தார்.

"இல்லமா. தண்ணி சில்லுனு இருந்திச்சி. அதுக்கப்புறம் பசியே தெரியல."

திரை அசையவில்லை. அம்மாவின் கால்விரல்கள் மட்டும் ஒருமுறை மடங்கி விரிந்ததைப் பார்த்தேன்.

"சரிடா" என்றாள். "சரி."

அவ்வளவுதான். அவர் எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன். வெயிலில் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் பேச்சில் எப்போதும் இருக்கும் அந்தத் திருநெல்வேலி இழுப்பு உள்ளே சொன்ன பதிலில் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருப் பையன் பேசியது போல இருந்தது.

"ஏன் சார் தண்ணீன்னு சொன்னீங்க?"

"தெரியல மேடம்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க திரைக்கதையில கடலே இல்ல. கவனிச்சீங்களா? கடல்லேருந்து நாலு தெரு தள்ளி நடக்கற கதை. நூத்திச் சொச்சம் பக்கம் எழுதியிருக்கீங்க, ஒரு காட்சிகூடக் கடற்கரையில இல்ல. அந்தப் பையனைக் கொண்டுபோயி பஸ்ல ஏத்தி விட்டுட்டீங்க. அது எனக்குள்ள எங்கயோ கெடந்திருக்கணும். அப்படித்தான் இருக்கணும்."

அவர் சொல்கிறவரை எனக்கே அது தெரியாது. நான் வைத்திக்குப்பத்துக் கரைக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகிறது. மீன் வாங்குவதென்றால்கூட மார்க்கெட்டுக்குத்தான் போவேன். ஏன் என்று ஒருபோதும் என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை.

அம்மா அன்றைக்குச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். "சாமியாரப் போயிப் பாரு. அண்ணனுக்கு ஒரு பூசை வெக்கணும்னு சொல்லு. செத்தவங்களுக்கு வெக்கிற பூசை." அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டே, எந்தப் பாட்டு பாட வேண்டும், பீடத்துக்கு என்ன பூ வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூசைக்கு முன்னால் ஒரு நாள் காலையில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு குப்பத்துக் கரைக்குப் போனேன். படகுகளின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் விஷயத்தைச் சொல்லி விசாரித்தேன். "அந்தக் காலத்துல வருஷத்துக்கு நாலஞ்சு பேரு செத்துக் கரை ஒதுங்குவாங்கமா" என்றார். "அடையாளம் தெரியலன்னா போலீசு எடுத்துக்கிட்டுப் போயிப் பொதச்சிடும். சில பேரு ஒதுங்கவே மாட்டாங்க. யாருன்னு இன்னா கண்டோம்." அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் என்னிடம் ஆதாரம் என்று எதுவும் இல்லை.

பூசைக்கு அவரும் வந்திருந்தார். நான் சும்மா தகவல் சொல்லியிருந்தேன், வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில், எப்போது எழ வேண்டும் எப்போது முழங்கால் போட வேண்டும் என்று தெரியாமல், முன்னால் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார். முடிந்து வெளியே வந்தபோது எங்களுக்காகக் காத்திருந்தார். அம்மாவுக்கு எதிரே வந்து கைகூப்பினார்.

"அம்மா, நல்லாருக்கீங்களா?"

அம்மா நின்றாள். புரை படர்ந்த கண்களை அவர் பக்கம் திருப்பினாள்.

"யாரு தம்பி நீங்க? கொரலு புதுசா இருக்கே."

"சினிமாவுக்கு எழுதறவருமா" என்றேன். "நம்ம வீட்டுக்கு ரெண்டு தடவ வந்தாரே, அவருதான்."

"ஓ, அவரா?" அம்மா சிரித்தாள். "வந்தாருன்னு நீ சொன்ன. ஆனா ரெண்டு தடவயும் இவரு வாயே தொறக்கலயே. என் புள்ளதான பேசினான்."

அவர் கூப்பிய கையைப் பிரிக்காமல் அப்படியே நின்றார். நான் அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டோ நிற்கிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். திரும்பிப் பார்த்தபோது, அவர் வெயிலில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த மாதமே அறையைக் காலி செய்துகொண்டு சென்னைக்குப் போய்விட்டார். திரைக்கதை பாதியில் நிற்கிறது. முடித்துக் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அம்மா கண் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டு, இப்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தானே ஜெபமாலைப் புத்தகம் படிக்கிறாள். மத்தியானத்தில் நன்றாகத் தூங்குகிறாள்.

எப்போதாவது அவரிடமிருந்து போன் வரும். புதிதாக ஏதாவது எழுதுகிறீர்களா என்று கேட்பார். பிறகு தயங்கித் தயங்கி அம்மாவைப் பற்றி விசாரிப்பார். "பக்கத்துலதான் இருக்காங்க, பேசறீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன்.

"வேண்டாம் மேடம்" என்பார். "நான் கேட்டேன்னு நீங்களே சொல்லிருங்க."